பீடத்துக்கு அடியில் ஒரு பெட்டி

ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்தது. கூடப்பிறந்த தங்கச்சியே அந்த ஆலயத்தின் முதல் பெண் போதகராக வந்துவிட்டாள். பெண்கள் போதகராகலாமா என்று சபையில் ஓட்டெடுத்தபோது, கூடாது என்று முதலில் கை தூக்கியவள் அக்காதான். "பொம்பளை ஏறிப் பேசுற இடமா அது?" என்று கேட்டவளும் அவள்தான்.

தங்கச்சி பிரசங்கம் பண்ண ஏறினாள். ஆம்பளை உயரத்துக்குச் செய்த பிரசங்க பீடம். நெற்றி மட்டும்தான் தெரிந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். தங்கச்சி குனிந்து, பீடத்துக்கு அடியில் துணி மூடிக் கிடந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டாள். முகம் முழுசாகத் தெரிந்தது. நன்றாக வேறு பேசித் தொலைத்தாள்.

எல்லாரும் போனபின் தங்கச்சி கேட்டாள். "யாரு வச்ச பெட்டிக்கா இது? எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

"என்னுது. ஒட்டடை அடிக்க வச்சிருக்கேன்."

சனிக்கிழமைதோறும் அதன்மேல் ஏறி நின்று, ஆளில்லாத பெஞ்சுகளுக்குத் தான் பண்ணிய பிரசங்கங்களை அக்கா இந்தத் தங்கச்சியிடம் போய்ச் சொல்வாளா?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எதிரே அடுப்புதான் இருந்தது.