சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி

எழுபதுகளில் விருத்தாசலத்தில் அண்ணனும் நானும் சின்னதாக ஒரு சூளை வைத்து ஊறுகாய் ஜாடி செய்துகொண்டிருந்தோம். என்னைக் கேட்காமல் மங்கலம்பேட்டைக் கடைக்காரருக்கு ஜாடி தருவதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று, அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஆறு மாதம் எல்லாமே அண்ணி வழியாகத்தான் நடந்தது. "தம்பி, மண்ணு வந்துடுச்சானு உங்க அண்ணன் கேக்குறாரு" என்பார் அண்ணி. அண்ணன் பக்கத்திலேயே நிற்பார்.

அண்ணி பெண்ணாடத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம், மழையில் கொட்டகை ஒழுகியது. சுடாத ஜாடிகள் நனைந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். மறுநாள் காலை அவை மேலுக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தன. சூளையில் அடுக்குவதற்கு முன்னால் அண்ணன் சுவரைப் பார்த்து, "சரக்கு நல்லா காஞ்சிடுச்சா?" என்றார்.

சுவரைத்தானே கேட்டார், சுவரே சொல்லட்டும் என்று பேசாமல் நின்றேன். காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் தீ மூட்டினார்.

மத்தியானம் சூளைக்குள், உள்ளே ஈரம் காயாத ஜாடிகள் படபடவென வெடித்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டேனேடா" என்றார்.

அண்ணி வந்து விசாரித்தபோது, "அண்ணன்தான் அவசரப்பட்டுட்டாரு" என்று சொன்னேன். அண்ணன் அங்கேயேதான் இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறு மாதமே சூளையை என்னிடம் விட்டுவிட்டு, வேறொருவர் சூளைக்குக் கூலிக்குப் போனார்.

அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேன்.