‘தின்கிறது’ என்று நான் எழுதிய வரிகள்

கடல் நட்சத்திரத்தைப் போல் ஒரு கேவலமான பிராணியை நான் கண்டதில்லை. அதற்கு நட்சத்திரம் என்று பெயர் வைத்தவன் மேலேயிருந்து மட்டும் பார்த்திருக்கிறான். புரட்டினால் நடுவில் வாய். அந்த வாய் வழியாக வயிற்றையே வெளியே தள்ளி, இரையின் மேல் போர்த்தி, அங்கேயே கரைத்து உறிஞ்சிவிட்டு, வயிற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். பல்லும் இல்லை, வெட்கமும் இல்லை.

தென்துருவப் பனிக்கட்டிக்குக் கீழே இவை என்ன தின்று உயிர் வாழ்கின்றன என்று பார்ப்பதுதான் ஒன்றரை வருடமாக என் வேலை. நான் துருவத்துக்கெல்லாம் போகவில்லை. ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில், ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். பனிக்கு அடியில் மூழ்கும் சுழியோடிகள் மாதத்துக்கு ஒரு தடவை, அடையாளமிட்ட அதே இடங்களில் எடுத்த படங்கள் அதில் இருக்கும். அவற்றைப் பார்த்து அட்டவணை நிரப்ப வேண்டும், ஒரு பிராணிக்கு ஒரு வரி. எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, இரை எது, கடைசிக் கட்டத்தில் பார்த்தவரின் முதலெழுத்து.

அதற்கு முன் ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் பதினான்கு வருடம் விலங்கியல் படிப்பித்த கை. கொன்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது, அட்டவணை சரியாக அமைந்தால் நீட்டுவேன் என்று என்னை வேலைக்கு வைத்த பேராசிரியர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் திரும்பவும் பெட்டி.

அந்தக் குளிரில் சாப்பாடு அரிதுதான். அதற்காக இப்படியா? பனித்துளைக்குப் பக்கத்தில் சீல் கழித்துவிட்டுப் போனதை மொய்த்துக்கொண்டு ஒரு கூட்டம். காயம்பட்ட ஒரு பெரிய நட்சத்திரத்தின் மேல் இன்னொரு கூட்டம் ஏறிக் கிடக்கும், அதே இனம் என்ற கூச்சம்கூட இல்லாமல். பெண் பெரியவளானதற்கு எங்கள் ஆட்கள் வைக்கும் சாமத்தியவீட்டில் சாப்பாட்டு மேசையைத் திறந்ததும் இறால் தட்டைச் சுற்றி நிற்பவர்களும் இப்படித்தான். இதை வீட்டில் சொன்னேன்.

“மனிசரிலதான் பிழை பிடிப்பீங்கள் எண்டு பாத்தால், இப்ப கடலுக்க கிடக்கிறதிலயுமோ?” என்றாள் மனைவி.

அறையில் என்னோடு இருந்தவள் தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்த பெண். அட்டவணை அவளுடைய ஆய்வுக்குத்தான். தயிர் வாங்கிய பிளாஸ்ரிக் டப்பாவிலேயே தயிர்சாதம் கொண்டுவருவாள். ஒரு படத்தை அரை மணித்தியாலம் பார்ப்பாள். அந்த நேரத்தில் நான் இருபது படம் முடித்துவிடுவேன். இந்த வேகத்தில் பட்டம் எடுக்கக் கிழவியாகிவிடுவாள் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

சில நட்சத்திரங்கள் கைநுனிகளை ஊன்றி, முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். சிப்பி தின்னும்போது அப்படித்தான் நிற்கும் என்று அவளே முதல் நாள் காட்டியிருந்தாள். நான் ‘தின்கிறது, இரை தெரியவில்லை’ என்று எழுதினேன். அடுத்த மாதப் படத்திலும் அதே இடம், அதே கூன். அதற்கடுத்த மாதமும். எவ்வளவுதான் தின்னும் என்று எனக்கே அருவருத்தது. ஜனவரியில் ஒரு படத்தில் கைகளுக்கு இடையில் சிறிய வெள்ளைப் பருக்கைகள் தெரிந்தன. பெரிதாக்கினால் ஒவ்வொன்றுக்கும் குட்டிக் கைகள். எனக்கு ஒரே சந்தோசம்.

“இஞ்ச வந்து பாருங்கோ பிள்ளை. உது குஞ்சையே தின்னுது.”

அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

“சார், இது சாப்பிடலை. குஞ்சுகளை வச்சிருக்கு. முட்டையிலேர்ந்து வாய்க்குக் கீழயே வச்சுக் காக்கும். வாய் அடைஞ்சிருக்கறதால மாசக்கணக்கா எதையும் சாப்பிட முடியாது.”

“நான் பதினாலு வருசம் விலங்கியல் படிப்பிச்சனான் பிள்ளை. உது தின்னுதுதான்.”

“அடியில என்ன இருக்குன்னு பாத்தீங்களா சார்?”

“அடி படத்தில தெரியாட்டிக்கு என்னத்தைப் பாக்கிறது?”

அவள் தன் கதிரைக்குப் போய்விட்டாள். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்ற திருப்தியில் நான் ‘இரை: தன் இனத்துக் குஞ்சு’ என்று எழுதினேன். அப்படி எழுதிய வரிகள் பிறகும் நிறைய.

பெப்ரவரியில் திங்கள் லீவோடு சேர்ந்த வாரக்கடைசி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அட்டவணையைத் திறந்தேன். கூனி நின்றவை எல்லாம் மாறியிருந்தன. ‘தின்கிறது’ இருந்த இடங்களில் ‘அடைகாக்கிறது’. இரைக் கட்டம் வெறுமை. உண்மையாகச் சிப்பி தின்றவற்றை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். மூன்று நாள் இருந்து ஒவ்வொரு படமாகப் பார்க்காமல் அதைச் செய்ய முடியாது. கடைசிக் கட்டத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அங்கே என் முதலெழுத்து இருந்தது.

அன்று பின்னேரம் கூட்டத்தில் பேராசிரியர் அந்த வரிகளைத் திரையில் போட்டார். தின்பதையும் அடைகாப்பதையும் பிரித்துப் பார்ப்பது லேசான காரியமில்லை, நல்ல கண் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் எதிரில் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் பேராசிரியருக்கு நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன்.

“ஏன் பிள்ளை என்ர எழுத்தை எடுக்கேல்லை?”

“எடுத்தா உங்க வேலை போயிடுமே சார்” என்றாள். ஏதோ பஸ் நேரம் சொல்வதைப்போல் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை இன்றைக்கு நினைத்தால் என் முகத்தில் நானே துப்பலாம்.

அந்த வாரமே கொன்ட்ராக்ட் நீண்டது. வீட்டில் பேராசிரியர் புகழ்ந்ததைச் சொன்னேன். மனைவி விளைமீன் குழம்பு வைத்திருந்தாள்.

“நீங்கள்தானே கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டபடி சோறு போட்டாள்.

“ஓம்” என்றேன். சோற்றுக் கோப்பையைக் கிட்ட இழுத்து, முதுகைக் கூனிக்கொண்டு, போட்டது முழுவதையும் தின்றேன்.