ஒற்றை விளக்கு

அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்து யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்த பிறகு புருவமெல்லாம் மாவோடு வந்து படுப்பார். அவர் எழுந்திருக்கும்வரை வீட்டில் தும்மக்கூட யோசிக்க வேண்டும். அம்மா கண்ணாலேயே கூப்பிடுவாள், கண்ணாலேயே திட்டுவாள். மகள் நடை பழகியதே ஓசையில்லாமல்தான்.

பதினோரு வயதில், பள்ளி விட்டதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் பின்தெரு விளையாட்டு அரங்கத்துக்குப் போனாள். வாள்வீச்சு வகுப்பில் பெண்பிள்ளைகள் குறைவு. எட்டிப் பார்த்தவளை விடாமல் பிடித்துப் போட்டார் கோச் மேடம். ஆறு மாதம் வாளைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி, அவ்வளவுதான். மற்றவர்கள் தொம்தொம்மென்று மிதித்தார்கள். இவள் வந்து போவதே தெரியவில்லை.

"இந்தக் காலை எங்கடி வாங்கின?" என்று வாயைப் பிளந்தார் கோச்.

கால் சரி. வாயால்தான் வந்தது வினை. அவர்கள் ஆடியது சேபர் வகை. இடுப்புக்கு மேலே வாள் பட்டால், ஓரத்தில் இருக்கும் பெட்டியில் தொட்டவரின் விளக்கு எரியும். ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் பேச்சுக்கே இடமில்லை, தொட்டவருக்குப் புள்ளி. இருவரும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறி மாறித் தொட்டுவிட்டால் இரண்டும் எரியும். யார் தாக்குதல் முந்தியது என்று நடுவர் சொல்ல வேண்டும். அங்கேதான் கூத்து. விளக்கு எரிந்த நொடியில் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவார்கள், புள்ளி தனக்குத்தான் என்று நடுவரை நம்பவைக்க. நடுவரும் மனிதர்தானே! இவளோ தொட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். அரங்கத்துப் பிள்ளைகள் 'மியூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பதிமூன்று வயதில் முதல் போட்டி. எதிரே நின்றவளை எல்லாரும் 'சைரன்' என்றார்கள். ஏன் என்று முதல் புள்ளியிலேயே புரிந்துபோயிற்று. பதினைந்துக்கு ஒன்பது என்று மியூட்டு தோற்றாள். அதில் ஆறு புள்ளி, இரண்டு விளக்கும் எரிந்து, சைரனுக்குப் போனவை. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நேரே நடுவரிடம் போனாள்.

"சார், நீங்க கண்ணால பார்த்துச் சொல்றீங்களா, காதால கேட்டுச் சொல்றீங்களா?"

மஞ்சள் அட்டை காட்டினார். அவள் அதையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

"உன்னை அந்த ஆளு வெளிய அனுப்பாம விட்டதே பெருசு! எல்லாரும் கத்துறாங்க, நீயும் கத்தித் தொலையேன்!" என்று கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாட்டேன்."

"வரலையா, மாட்டியா?"

"மாட்டேன் மேடம். கத்தினா அது என் தொண்டை எடுத்த பாயிண்ட். எனக்கு என் கை எடுத்த பாயிண்ட்தான் வேணும்."

விஷயம் வீட்டுக்கும் வந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம், "என்னாலதானேம்மா இப்படி ஆயிட்ட? நாளையிலேர்ந்து வீட்ல கத்து. நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்" என்றார். "உங்களால இல்லப்பா. எனக்கே பிடிக்கலை. நீங்க தூங்குங்க" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

மறுநாள் அவள் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். பயிற்சியில் இரண்டு விளக்கும் எரிந்தால் யார் என்ன தீர்ப்பு சொன்னாலும் புள்ளி எதிராளிக்கு. தன் விளக்கு தனியாக எரிந்தால்தான் தனக்கு. முழுசாக ஒரு வருஷம் இப்படியே ஆடினாள். ஒன்பது வயதுப் பொடிசுகளிடமெல்லாம் தோற்றாள். "மியூட்டு இன்னைக்கும் அவுட்டா?" என்று கேலி பேசினார்கள். கோச் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்! இரண்டாம் வருஷம் கேலி குறைந்தது. எதிராளி பாய்ந்து வருவான். இவள் நாலு விரல் அளவுதான் பின்னால் போயிருப்பாள். வாள் இவள் முன்னே காற்றை வெட்டும். நீட்டிய அவன் மணிக்கட்டில் இவள் வாள் படும். பெட்டியில் ஒரே விளக்கு.

பதினாறு வயதில் இளையோர் அணித் தேர்வு. மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு இவளும் சைரனும். ஜெயித்தால் அணி, தோற்றால் அடுத்த தேர்வு இரண்டு வருஷம் கழித்து.

பதினான்குக்குப் பதினொன்று என்று மியூட்டு முன்னால் இருந்தாள். இன்னும் ஒன்றே ஒன்று. சைரனுக்கு வெறி வந்துவிட்டது. வரிசையாக மூன்று தடவை இரண்டு விளக்கும் எரிந்தன. மூன்று தடவையும் கூரை அதிரக் கத்தினாள். மூன்றையும் நடுவர் அவளுக்கே கொடுத்தார். பதினான்கு, பதினான்கு.

"கத்துடி! உன் கால்ல விழறேன், ஒரே ஒரு தடவை கத்து!" என்று தளத்தின் ஓரத்திலிருந்து கெஞ்சினார் கோச்.

மியூட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்றில் ஒன்றாவது தன்னுடையது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு கத்தல் தொண்டை வரை வந்தது. வராதா என்ன, நன்றாகவே வந்தது. அதை விழுங்கினாள். உங்கள் தீர்ப்பே எனக்கு வேண்டாம் ஐயா என்று மனசுக்குள் நடுவரிடம் சொல்லிவிட்டுக் கோட்டில் போய் நின்றாள்.

"ஆடு!" என்றார் நடுவர்.

சைரன் புயலாக வந்தாள். மியூட்டு ஓரடி பின்வாங்கினாள், இன்னோரடி, அப்புறம் நாலு விரல். வாள் முகத்துக்கு முன்னே இறங்கியது. படவில்லை. மியூட்டு தன் மணிக்கட்டைத் திருப்பினாள்.

சைரன் பழக்கதோஷத்தில் கத்தினாள். முகக்கவசத்தைப் பிடுங்கி எறிந்தாள், இரு கையையும் தூக்கிக்கொண்டு தன் கூட்டத்தைப் பார்த்து ஓடினாள். கூட்டம் கை தட்டவில்லை. அவள் திரும்பி நடுவரைப் பார்த்து, "சார், என்னுதுதானே? நான்தானே முதல்ல அடிச்சேன்? சொல்லுங்க சார்!" என்றாள்.

நடுவர் பெட்டியைக் காட்டினார். "இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. ஒரு லைட்டுதான் எரியுது."