வெண்டலினின் முந்நூறாவது கோல்

வெண்டலினுக்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. இன்னும் அவனால் ஊருக்குள் நிம்மதியாக நடக்க முடியாது. ரொட்டி வாங்கப் போனால் அரைமணி நேரம், முடிவெட்டப் போனால் ஒரு மணி நேரம். பார்க்கிறவர்கள் எல்லாரும் அவன் அடித்த ஏதாவது ஒரு கோலை அவனுக்கே விவரிப்பார்கள். ஆல்கோய் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊருக்காகவே பதினேழு பருவங்கள் ஐஸ் ஹாக்கி ஆடியவன். மியூனிக்கிலிருந்து ஆள் வந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். "எங்கம்மா பண்ற சீஸ் ஷ்பாட்ஸன் நூடுல்ஸ் அங்க கிடைக்குமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினான்.

அவன் அக்கா அஃப்ரா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆனால் தம்பி ஆடிய ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. கோல் வலைக்குப் பின்னால் நின்று, எந்த நிமிடம், யார் தள்ளிக் கொடுத்தது, யார் அடித்தது என்று நோட்டில் எழுதிக்கொள்வாள்.

அவனுடைய எட்டாம் எண் சட்டையை அரங்கக் கூரையில் தொங்கவிட கிளப் முடிவு செய்தது. இனி அந்த எண் வேறு யாருக்கும் கிடையாது. சட்டையின் கீழே தங்க நூலில் '300 கோல்கள்' என்று தைத்தாயிற்று. அஃப்ராவின் நோட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான்.

விழாவன்று காலை, காபி குடிக்க வந்த தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

"டேய், அதுல ஒண்ணு உன்னுது இல்ல."

"விளையாடுறியாக்கா?"

"பக்கத்து ஊர்க்காரனுங்களோட ஆடுனப்போ நீ அடிச்ச வட்டு வெளியதான் போச்சு. பென்னோ மட்டையில பட்டுத்தான் உள்ள விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

அந்த அரங்கத்தில் கோல் விழுந்தால் அறிவிப்பாளர் முதல் பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். அன்று பழக்கதோஷத்தில் அவர் "வெண்டலின்" என்றார். மூவாயிரம் பேர் "ஷெர்பாவர்!" என்று கத்திவிட்டார்கள். நடுவரும் அப்படியே எழுதிவிட்டார். தற்காப்பு ஆட்டக்காரன் பென்னோ ராய்ண்டல் வாயே திறக்கவில்லை. பதினோரு பருவத்தில் ஒரு கோல்கூட அடிக்காதவன் என்று ஊரே இன்றும் கிண்டல் செய்வது அவனைத்தான். இப்போது அதே அரங்கத்தில் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறான்.

"இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"உன் பேருல இருந்தது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கூரையில தொங்கப்போகுதுன்னதும் மனசு ஒப்பல."

"துணியில தச்சுட்டாங்கக்கா! உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

பாதிக் காபியை வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். தம்பியின் பெரிய நாளைத் தானே கெடுத்துவிட்டோமே என்ற நினைப்பிலேயே அஃப்ரா அன்று இரண்டு சட்டைக் காலர்களைத் தீய்த்துவிட்டாள்.

சாயங்காலம் சட்டை மேலே ஏறியது. வெண்டலின் மைக்கை வாங்கினான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"மேல போட்டிருக்கிற கணக்குல ஒண்ணு தப்பு. எங்கக்கா சொல்லுது. அது சொல்லிட்டா அப்பீலே கிடையாது."

கூட்டம் சிரித்தது.

"டேய் பென்னோ, வண்டியை விட்டு இறங்குடா! அந்த வட்டு உன் மட்டையில பட்டுச்சா இல்லையா?"

பென்னோ தொப்பியைக் கழற்றினான். "பட்டுச்சு... லேசா."

"லேசாவாம்! களவாணிப் பய, எப்படி மூடி வச்சிருக்கான் பாருங்க!"

அறிவிப்பாளர் புரிந்துகொண்டார். தொண்டையைச் செருமி, "கோல் அடித்தவர், எண் ஐந்து, பென்னோ..." என்று நிறுத்தினார்.

"ராய்ண்டல்!"

தகரக் கூரை அதிர்ந்தது. மூன்று முறை கத்தினார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற பென்னோ, திடீரென்று ரப்பர் பூட்ஸோடு பனியில் ஓடி, வழுக்கி, மல்லாக்க விழுந்தான். வெண்டலின் அவன் மேலேயே பாய்ந்தான். அஃப்ரா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தடுப்புக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.