சாத்துக்குடிப் பைகள்

என் மனைவிக்குச் சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை என்று தெரிந்த வாரத்திலேயே சேந்தமங்கலம் உறவுக்கும் எருமப்பட்டி உறவுக்கும் செய்தி போய்விட்டது. வந்தார்கள். ஆளுக்கொரு பை சாத்துக்குடி கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் இல்லை.

மருத்துவர் விலக்கச் சொன்ன பட்டியலில் முதல் பெயரே அந்தப் பழம்தான். அதில் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதானது உள்ளேயே வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும். காய்களைக்கூட வேகவைத்து நீரை வடித்த பிறகே நான் சமைத்தேன். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் ஏறினால் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுவதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

முப்பத்தைந்து ஆண்டு அரசு அலுவலகத்தில் விதியைக் காட்டிப் பிறரை அலையவிட்டவன் நான். வாசற்கதவில் அறிவிப்பு ஒட்டினேன்: ‘நோயாளியின் உடல்நலம் கருதி, பழங்கள் கொண்டுவருவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ அரசு அறிவிப்புகளுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்கும் கிடைத்தது.

போர்வெல் வண்டி வைத்திருக்கும் மனைவியின் தம்பி, அந்தத் தாளில் தோள் உரச உள்ளே வந்தான். கையில் இரண்டு பை.

“கதவுல ஒட்டியிருக்கறதப் பாக்கலியா?”

“அது வெளியாளுங்களுக்குத்தானுங்க மாமா? எனக்குக் கிட்னில கல்லு வந்தப்ப டாக்டரே இதக் குடிக்கச் சொன்னாருங்க.”

“உனக்கு வந்தது கல்லு. உங்கக்காளுக்குக் கிட்னியே போச்சு.”

“ரெண்டும் கிட்னிதானுங்களே!”

அவன் சொன்னதில் பாதி உண்மை. கல் மறுபடி சேராமல் இருக்க அந்தப் புளிப்பு உதவும். மீதியை விளக்க வாயெடுத்தேன்.

“உடுங்க, ஆசையாக் கொண்டாந்திருக்கறான்” என்றாள் மனைவி.

பையைத் திருப்பிக் கொடுத்தால் உறவையே திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும். பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்க முடியாது. வந்த பைகளில் கால்வாசி அவர்கள் கொடுத்ததுதான். அவளோ போகும்போதும் வரும்போதும் பழக்கூடையையே பார்த்தாள். அதனால் மதியம் அவள் கண்ணயர்ந்ததும் சமையலறையில் நின்றபடி பிழிந்து பிழிந்து நானே குடித்தேன். எனக்குச் சர்க்கரை இல்லை. வைட்டமின் சி நல்லதுதானே? தினமும் மூன்று தம்ளர்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, தள்ளிப்போட்டு வந்த என் ரத்தப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டேன். மருத்துவர் இரண்டு தாள்களையும் பார்த்தார். அவளுடையது அளவுக்குள் இருந்தது. என்னுடையது இல்லை. நான் போடும் ரத்த அழுத்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்குமாம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலேயே அது அச்சாகியிருந்தது. அவளுக்குரிய தாள்களையெல்லாம் அடிக்கோடிட்டுப் படித்த நான் அதைப் பிரிக்கவே இல்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். வீட்டில் காய் வேகவைத்து நீர் வடிக்க ஆளில்லை. கால் வீங்கிய அவள் என் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் மைத்துனன் வந்தான். கையில் பை.

இதுவரை யாருடைய பையையும் மறுக்காதவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“எடுத்துட்டுப் போடா.”

“அக்கா, இது மாமாவுக்குக்கா.”

“அவருக்குந்தான் ஆகாது. எடுத்துட்டுப் போ.”

“அப்ப என்னதான் கொண்டாரது?”

“ஒண்ணும் வேண்டாம். சும்மா வந்து உக்காரு சாமி, எனக்கு முதுகு வலிக்குது.”

பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். பிறகு அவள் விட்ட நாற்காலியில், அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் என் கால்மாட்டில் படுத்துத் தூங்கிப்போனாள்.