வக்கீல் மாமரத்திலிருந்து விழுந்த கதை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஆளைத்தான் கொன்றிருக்கிறேன். அவர் அமெரிக்காக்காரர், வக்கீல், அரசியல்வாதி. நான் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே செத்துப்போனவர் என்பதால் போலீஸ் கேஸ் ஆகவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஐதராபாத்தில் பாலாநகர் பக்கம் அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு தங்கி அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அங்கேயே பாடமும் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனி அவரை அமெரிக்காவில் ஏதோ சின்ன ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னது. விசா நேர்காணல் சென்னையில். கிடைத்துவிட்டால் தையில் கல்யாணம்; அம்பாசமுத்திரத்தில் பெண் தயார், ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

அமீர்பேட்டில் அப்போது ஒரு வதந்தி. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரைப் பற்றி விசா அதிகாரி குடைந்து கேட்பாராம், முழித்தால் தொலைந்தோமாம். ஜெராக்ஸ் கடைகளில் ஊர்வாரியாகக் குறிப்பு விற்றார்கள். சித்தப்பாவின் ஊருக்கு அந்த வக்கீலின் பெயர்தான் வைத்திருந்தார்கள். அப்படித்தான் அந்த மனிதர் ஆறு தாளாக எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்.

விசா அதிகாரி நான்தான். இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பேன். சித்தப்பா கைகட்டி நின்று ஒப்பிப்பார்: மாவு மில்காரர் மகன், பள்ளிக்கூடம் போனது மூன்றே வருடம், இன்னொரு வக்கீலின் ஆபீசைக் கூட்டிப் பெருக்கியே சட்டம் படித்தார், குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கேஸ் நடத்தினார், மூன்று தேர்தலில் தோற்று நாலாவதில் ஜெயித்தார். ஒரு வருஷம் பிசகினாலும் நான், வேண்டாம் என்பதற்கு ஐதராபாத்தில் சொல்கிற மாதிரி, "நக்கோ, ரிஜெக்ட்!" என்று ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன்.

பத்து நாளில் வக்கீல் எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். மூன்றாவது தோல்வி வரும்போதெல்லாம் அம்மா தாளிப்பை நிறுத்திவிட்டு, டெபாசிட்டாவது மிஞ்சியதா என்று கேட்பாள். கட்சி மாறியவன் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை என்பது அப்பாவின் கருத்து. வக்கீல் இரண்டு முறை மாறியிருந்தார்.

நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கையில் கடைசித் தாளைக் காணோம். காணோம் என்ன, நான்தான் அதில் கப்பல் செய்து மழைத்தண்ணீரில் விட்டிருந்தேன். வக்கீல் செத்த விதம் அதில்தான் இருந்தது. அதிகாரி முழிக்கலாமா? மாங்காய் பறிக்கப்போய் மரத்திலிருந்து விழுந்து செத்தார் என்று அடித்துவிட்டேன்.

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமரமா?"

"ஆமா."

"சரி, மாமரம்" என்று சொல்லி மனப்பாடம் பண்ணினார்.

சென்னையிலிருந்து திரும்பி வந்தவர் பையைக் கீழே வைப்பதற்குள் விசா இல்லை என்றார். எல்லாம் சரியாகச் சொன்னாராம். எப்படிச் செத்தார் என்று கேட்டபோது மாமரம் என்றாராம். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்றியிருந்தது. அப்பா என்னோடு பேசவே இல்லை. அம்பாசமுத்திரத்தில் மறுபடி ஜாதகம் பார்த்ததில் ஒன்பது பொருத்தம் நாலாகிவிட்டது. ஒரு குடும்பத்தின் அமெரிக்காவையும் கல்யாணத்தையும் கெடுத்த பாவி நான் என்று தலையணை நனைய அழுதேன்.

எனக்காகப் பேசியவர் சித்தப்பா ஒருவர்தான். "பச்சப் பிள்ளைய வையாதீங்க மதினி. அமெரிக்கா எங்க ஓடிப்போகுது?" என்றார். கடவுளை நேரில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அமீர்பேட்டில் ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப்போனார். அவரோடு பாடம் நடத்தும் தெலுங்கு அக்கா ஒருத்தி அங்கே காத்திருந்தாள். மாமரக் கதையை என்னையே சொல்லச் சொன்னார். நான் விக்கி விக்கிச் சொல்ல, அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த வருடம் அவள் எனக்குச் சித்தியானாள். சித்தப்பா சென்னையில் விசா ஆபீஸ் பக்கமே போகாமல், நேர்காணல் நாள் முழுக்க மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்ததை வெகுகாலம் கழித்து அவள்தான் சொன்னாள். ஐஸ்கிரீம் கடையில் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, இன்னொரு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னாள். இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவளுக்கு எதற்கு இரண்டாவது என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. வேண்டாமென்றால் அதற்கும் திட்டு விழுமோ என்று பயந்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.