வேட்டிக் கறை காப்பாற்றிய கிணறு

வெள்ளைக்காரர் ஆட்சியில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் நான் கூலிக்கு இருந்த சமயம் நடந்தது இது. முந்தின வருஷம் வாந்திபேதி வந்து எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. அதனால் சுகாதார இன்ஸ்பெக்டர் தெருக் கிணற்றில் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றினார். மறுநாளும் தண்ணீரில் லேசாக ரோஸ் நிறம் தெரிந்தது. எல்லோரும் பயந்தார்கள். நான்தான் முதலில் ஒரு சொம்பு குடித்து, சர்பத்து குடித்தவன் போல ஏப்பம் விட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து தெருவில் எனக்கு ‘டாக்டர்’ என்று பெயர். கைநாட்டு டாக்டர்.

அடுத்த மழைக்காலத்தில் என் மனைவிக்கு நிறைமாதம். ஒரு நாள் மழை விட்ட காலையில் கிணற்றுத் தண்ணீர் சிவந்து கிடந்தது. பெண்கள் குடத்தோடு டாக்டரைத் தேடி வந்தார்கள். நானும் எட்டிப் பார்த்து, இன்ஸ்பெக்டர் மருந்து போட்டிருப்பார், தைரியமாகக் குடியுங்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். வாடை ஏதும் தெரியவில்லை. தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு மூக்கு முகத்தின் அழகுக்காக மட்டும்தான்.

மனைவி மட்டும் ஒரு சொம்பு மொண்டு, என் வேட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“யோவ், மருந்து ரோஸா இருந்துச்சு. இது உன் வேட்டிக் கறை. தெனம் தோய்க்கிறவ நான், எனக்குத் தெரியாதா?”

தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறப்போடும் தொட்டியின் கறையைத்தான் சொன்னாள்.

“சும்மா பேஜார் பண்ணாத. மருந்து நெறம் எறங்கினா இப்டித்தான் இருக்கும்.”

“அப்டின்னா நீயே குடி, டாக்டரு.”

சொம்பை நீட்டினாள். என் கை நீளவில்லை. அந்தத் தொட்டியில் என்னென்ன ஊறும் என்று எனக்குத் தெரியுமே.

குடங்களைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, நாலு பேரோடு, ஷாப்புப் பக்கமிருந்து வரும் கால்வாயோரமாக மேலே நடந்தேன். ஷாப்புக்குப் பின்னால் நாங்களே கொட்டிய பட்டைச் சக்கை கால்வாயை அடைத்திருந்தது. தொட்டிக் கழிவு வழி மாறி நேராக எங்கள் கிணற்றுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தெருவே சேர்ந்து அடைப்பை எடுத்தது. கிணற்றை இறைத்துச் சுற்றிலும் மேடு கட்டியது. சக்கை கொட்ட ஷாப்பு மேஸ்திரி வேறு இடம் காட்டினார். இன்ஸ்பெக்டர் வந்து நிஜமாகவே மருந்து போட்டார். தண்ணீர் தெளியும்வரை பாலாற்று மணலில் ஊற்று தோண்டிக் குடித்தோம்.

மனைவி எனக்கு ஒரு வேலை வைத்தாள். மழை பெய்தால், முதல் குடம் கிணற்றில் இறங்குவதற்குள் நான் ஷாப்புவரை நடந்து கால்வாயைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வயிறு கலங்கினபின் ஓடுவதைவிட இது கம்மி வேலைதான் என்றாள். அந்த வருஷம் பக்கத்து ஊரில் வாந்திபேதி வந்தது; எங்கள் தெருவில் ஒருவரும் படுக்கவில்லை.

கிணறு சிவந்த அந்த மாதமே பிறந்த மகள்தான், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். அவள் குடித்து வளர்ந்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரை என்று நினைக்கும்போது, அன்று அந்தச் சொம்பை வாங்க என் கை நீளாததுதான் நான் வாழ்நாளில் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது.